பாட்டியை நீதிமான் என்று சொல்லலாமா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பர்கூர் பக்கத்தில் நடந்த உங்கள் பாட்டியின் அடக்க ஆராதனையில் ஊழியர் ரோமர் 3:10ஐ வாசித்து, "நீதிமான் ஒருவனாகிலும் இல்லை, இந்தத் தாயாரும் அதில் அடக்கம்" என்றாராம். அதே வேதம் நோவாவையும் யோபுவையும் நீதிமான் என்கிறதே, எது சரி என்பது முதல் கேள்வி. கிருபையினால், அதாவது தேவனுடைய தயவினால்தான் இரட்சிப்பு என்றால், கடைசி நாளில் கிரியைகளுக்கு, நாம் செய்த செயல்களுக்குத் தக்க தீர்ப்பு எதற்கு என்பது இரண்டாவது. இரண்டு வருடமாக மாந்தோப்பு காய்க்காததற்குத் தாத்தா செய்த பாவம்தான் காரணம், சாபத்தை முறிக்க உபவாச ஜெபம் வைக்கவேண்டும் என்கிறார்களே, அதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றே ஒன்று என்று எனக்குப் படுகிறது. விடியுமுன் எழுந்து ஜெபித்து, பசியென்று வந்தவருக்கெல்லாம் களி கிண்டிப் போட்ட ஒரு மனுஷியை நல்லவள் என்று சொல்ல வேதம் எனக்கு இடம் கொடுக்கிறதா, இல்லையா?

கொடுக்கிறது. எப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. நான் பெங்களூரில் இறையியல் படித்தவன், பழைய ஏற்பாடு என் பாடம். அப்புறம் அரூர், தருமபுரிப் பக்கத்துச் சபைகளில் வேதபாடம் நடத்தியே வயதாகிவிட்டது. சங்கீதம், யோபு, எசேக்கியேல் என்றால் தைரியமாகப் பேசுவேன். அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதின நிருபங்களில், அதாவது கடிதங்களில், அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. அங்கே நான் வேடிக்கை பார்க்கிறவன்தான், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிற வேடிக்கைக்காரன். எது உறுதி, எது என் சாய்வு என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ரோமர் 3:10 பவுலின் சொந்த வாக்கியம் அல்ல, மேற்கோள். அந்த வசனத்திலிருந்து 18ஆம் வசனம் வரை அவர் பல சங்கீதங்களிலிருந்தும் ஏசாயா 59இலிருந்தும் வரிகளை எடுத்து ஒரே சரமாகக் கோத்திருக்கிறார். முதல் வரி 14ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. அந்தச் சங்கீதத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள், ஏழே வசனம்தான். நன்மை செய்கிறவன் ஒருவனாகிலும் இல்லை என்று மூன்றாம் வசனத்தில் சொல்லிவிட்டு, நான்காம் வசனத்தில் "என் ஜனத்தை" அப்பம்போலத் தின்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஐந்தாம் வசனத்தில் தேவன் நீதிமானுடைய சந்ததியோடே இருக்கிறார் என்கிறது. ஒருவனும் இல்லை என்று சொன்ன அதே வாய், இரண்டே வசனம் தள்ளி, நீதிமானின் சந்ததி உண்டு என்கிறது. பாடினவனுக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. ஏழையை விழுங்குகிற ஊரைப் பார்த்து, "இங்கே ஒருத்தன்கூட யோக்கியன் இல்லை" என்று வயிறெரிந்து சொல்கிறவனின் பேச்சு அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை.

பவுல் அந்த வரியை இன்னும் பெரிய வழக்குக்குப் பயன்படுத்துகிறார் என்பதும் உண்மை. யூதர், கிரேக்கர் எல்லாருமே பாவத்துக்குட்பட்டவர்கள், எந்த வாயும் பேச்சற்றுப் போகவேண்டும் என்பதுதான் அவர் வாதம் (3:9, 19). இதை மழுப்பக் கூடாது. பவுலைப் பொறுத்தவரை விதிவிலக்கு கிடையாது, உங்கள் பாட்டிக்கும் இல்லை, அந்த ஊழியருக்கும் இல்லை. ஆனால் இந்த வாதம் யாரைப் பார்த்துத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம், மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறவனைப் பார்த்து, போக்குச் சொல்ல உனக்கு இடமில்லை என்கிறது. ஆக, பிரேதப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அடுத்தவருக்கு அந்த வசனத்தை அளந்து கொடுக்கிறவர், அதே கடிதத்தில் ஒரு அதிகாரம் முன்னாலேயே பிடிபட்டுவிட்டார்.

இனி நோவா. "நோவா தன் காலத்தில் இருந்தவர்களுக்குள்ளே நீதிமானும் உத்தமனுமாயிருந்தான்" என்கிறது ஆதியாகமம் 6:9. அதே மனிதர் 9ஆம் அதிகாரத்தில் குடித்து வெறித்துக் கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடக்கிறார். லூக்கா 1:6 சகரியாவையும் எலிசபெத்தையும் குற்றமற்றவர்கள், தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள் என்கிறது. 20ஆம் வசனத்தில் அதே சகரியா தேவதூதன் சொன்னதை நம்பாததால் ஊமையாகிறார். யோபு உத்தமன் என்று முதல் வசனமே சொல்கிறது, அவரோ 13:26இல் தன் சிறுவயதின் அக்கிரமங்களைப் பற்றிப் பேசுகிறார். ஆக, வேதம் ஒருவரை நீதிமான் என்று அழைக்கும்போது அவரிடம் பாவமே இல்லை என்று சொல்லவில்லை. இது என் சாய்வு இல்லை, அந்தக் கதைகள் சொல்லப்பட்டிருக்கும் விதத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. "ஒரு பாவமும் செய்யாமல், நன்மையே செய்யத்தக்க நீதிமான் பூமியிலில்லை" என்று பிரசங்கி 7:20 சொல்வதும் இதோடு மோதவில்லை. அந்தப் பிரசங்கி நாலு வசனம் முன்னால், "மிஞ்சின நீதிமானாயிராதே" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த கிழவர் அவர். பிரசங்க மேடையில் அவரை யாரும் ஏற்றுவதில்லை.

நம் ஊர்ப் புளியமரத்தடிப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபம். வரப்புத் தகராறில் பெரியவர்கள் "முனியப்பன் பக்கம்தான் நியாயம்" என்கிறார்கள். முனியப்பன் வாழ்நாளில் பொய்யே பேசாதவன் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த வழக்கில் அவன் கை சுத்தம், அவ்வளவுதான். ஆதியாகமம் 38இல் மாமனார் யூதா, தாமாரைப் பற்றி "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். தாமார் செய்தது என்ன என்று அந்த அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற கதை அல்ல. ஆனாலும் அந்த விவகாரத்தில் தப்பு யூதாவின் பக்கம், நியாயம் அவள் பக்கம். 7ஆம் சங்கீதத்தில் "என் நீதியின்படி எனக்கு நியாயஞ்செய்யும்" என்று ஒருவன் கேட்பதும் இப்படித்தான். அவன்மேல் அநியாயமாக ஒரு பழி விழுந்திருக்கிறது. அந்தப் பழியைப் பொறுத்தவரை நான் நிரபராதி, பார்த்துச் சொல்லும் என்கிறான்.

அப்படியானால் 143ஆம் சங்கீதம்? "ஜீவனுள்ள ஒருவனும் உமக்கு முன்பாக நீதிமான் அல்லாததினாலே, அடியேனை நியாயந்தீர்க்கப் பிரவேசியாதேயும்." இங்கே எதிராளி பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, தேவனே எதிரில் நிற்கிறார். மனிதனுக்கு எதிரே நின்று பேசும்போது ஒரு பேச்சு, தேவனுக்கு எதிரே நிற்கும்போது வேறு பேச்சு. இரண்டு சங்கீதத்துக்கும் தலைப்பில் தாவீதின் பெயரே இருக்கிறது, இரண்டையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தவர்கள் தூக்கத்தில் சேர்க்கவில்லை.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு சுமுகமாகத் தீரும் என்று சொல்ல மாட்டேன். 18ஆம் சங்கீதத்தில் தாவீது, கர்த்தர் என் நீதிக்குத்தக்கதாக எனக்குப் பதிலளித்தார், அவர் முன்பாக நான் உத்தமனாயிருந்தேன் என்று பாடுகிறார். அதே பாட்டு 2 சாமுவேல் 22இலும் வருகிறது, அதாவது உரியாவின் மனைவி பத்சேபாளைத் தாவீது சேர்த்துக்கொண்டதும் உரியாவைக் கொல்லவைத்ததும் 11ஆம் அதிகாரத்தில் சொல்லி முடிந்த பிறகு. தாவீதைக் கொல்லத் தேடின சவுல் ராஜாவின் கைக்குத் தப்பின காலத்துப் பாட்டு, பிறகு அங்கே வைக்கப்பட்டது என்று சொல்வார்கள். தலைப்பைப் பார்த்தால் அதற்கு நியாயம் இருக்கிறது. தொகுத்தவர்கள் வேண்டுமென்றே அந்த நெருடலை விட்டுவைத்தார்கள் என்றும் சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் நிரூபிக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான புத்தகம் யோபு என்பது என் எண்ணம். அதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மனிதன் எவனும் தேவன்முன் நீதிமான் இல்லை என்கிற உபதேசத்தை அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் யார்? யோபுவின் சிநேகிதர்கள். "மனுஷன் தேவனைப்பார்க்கிலும் நீதிமானாயிருப்பானோ?" என்று தொடங்கி வைப்பவன் எலிப்பாஸ் (4:17). 15ஆம் அதிகாரத்தில் அதையே மறுபடி சொல்கிறான். பில்தாத் 25ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் மனிதனைப் புழு, பூச்சி என்கிறான். தனியாக எடுத்து வாசித்தால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது, ரோமர் 3க்குப் பக்கத்தில் வைக்கலாம். யோபுகூட 9ஆம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். ஆனால் கடைசியில் 42:7இல் கர்த்தர் எலிப்பாஸைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். பத்துப் பிள்ளைகளைச் சாகக்கொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவன்மேல் சரியான உபதேசத்தைத் தூக்கி எறிந்தவர்களுக்கு விழுந்த தீர்ப்பு அது. சொன்ன கருத்து தப்பா, சொன்ன இடம் தப்பா என்று உரையாசிரியர்கள் வாதாடுவார்கள். அவர்கள் கருத்திலும் ஒரு கோளாறு இருந்தது என்றே நினைக்கிறேன். கஷ்டம் வந்தால் அதற்குப் பின்னால் பாவம் இருந்தே ஆகவேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். எல்லாரும் பாவிகள் என்பது அந்த முடிவுக்கு முட்டுக்கொடுக்க அவர்கள் கொண்டுவந்த கட்டை.

வேதம் முழுக்க இதை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். நான் பாவி என்று ஒருவன் தன்னைப்பற்றிச் சொல்லும்போது அது ஜெபமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. லூக்கா 18இல் வரி வசூலிக்கிற ஆயக்காரன் "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்டான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் அவன்தான். பக்கத்தில் நின்ற பரிசேயன் அந்த ஆயக்காரனைச் சுட்டிக்காட்டி ஜெபம் பண்ணினான். எங்கள் நீதிகளெல்லாம் அழுக்கான கந்தை என்கிற ஏசாயா 64:6கூட "எங்கள்" என்றுதான் பேசுகிறது. இறந்தவர்களைப்பற்றி என்ன பேசுவது என்று கேட்டால் அப்போஸ்தலர் 9ஐப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்கிற சீஷி செத்துப்போகிறாள். அவள் "நற்கிரியைகளையும் தருமங்களையும் மிகுதியாய்ச் செய்துகொண்டுவந்தாள்" என்று லூக்கா எழுதுகிறார். விதவைகள் அழுதுகொண்டு, அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளைப் பேதுருவுக்குக் காட்டுகிறார்கள். பேதுரு அவர்களைத் திருத்தவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கிருபையா, கிரியையா? இதில் 500 வருடச் சண்டை இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார், பின்வந்த பதிப்புகளில் அந்த வரி நீங்கிவிட்டது. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் மறுபக்கத்திலிருந்து பதில் சொன்னது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும், இதன் அடிப்படை உண்மைகளில் தங்களுக்குள் ஒப்புதல் உண்டு என்று கையெழுத்திட்டன. நம் பக்கத்தில், கத்தோலிக்கர் ஊரான எலத்தகிரியில் பெண் எடுத்த புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் அதற்கு முன்னாலேயே ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டுதான் இருந்தன.

வசனங்கள் மோதுகிறதா என்றால், மேலோட்டமாக மோதத்தான் செய்கின்றன. ரோமர் 3:28 மனுஷன் நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. யாக்கோபு 2:24 விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள், இருவரும் ஆதியாகமம் 15:6ஐயே காட்டுகிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், பவுல் அந்த வசனத்திலேயே நின்றுவிடுகிறார். பிள்ளையில்லாத கிழவன் நட்சத்திரங்களைப் பார்த்து நம்பின இரவு அது, அப்போது விருத்தசேதனம்கூட நடக்கவில்லை. யாக்கோபு அதைப் பல வருடம் கழித்து நடக்கும் 22ஆம் அதிகாரத்தோடு, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தின நாளோடு சேர்த்து வாசிக்கிறார். யூதனல்லாத புறஜாதியான் உள்ளே வர என்னென்ன சடங்கு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். வஸ்திரமில்லாதவனைப் பார்த்து "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் ஆசீர்வதித்து அனுப்புகிற சபைக்கு யாக்கோபு பதில் சொல்கிறார். யாக்கோபு பவுலைப் படித்திருந்தாரா, அல்லது பவுலை அரைகுறையாகக் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாரா என்பது தீராத வழக்கு. அந்த நிருபத்தின் காலத்தையே முதல் நூற்றாண்டின் நடுவிலிருந்து கடைசி வரை இழுக்கிறார்கள்.

ஆனால் பவுலும் கிரியைகளுக்குத் தக்க தீர்ப்பை விட்டுவிடவில்லை. ரோமர் 2:6இலும் 2 கொரிந்தியர் 5:10இலும் அதைச் சொல்லியிருக்கிறார். ரோமர் 2:13 இன்னும் சங்கடமானது. நியாயப்பிரமாணத்தைக் கேட்கிறவர்கள் அல்ல, செய்கிறவர்களே நீதிமான்களாக்கப்படுவார்கள் என்கிறது. ஒரு அதிகாரம் தள்ளி, கிரியைகளினாலே ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்கிறது (3:20). அது பேச்சுக்குச் சொன்னது, அப்படிச் செய்கிறவன் எவனுமில்லை என்பது ஒரு வாசிப்பு. இருதயத்தில் பிரமாணம் எழுதப்பட்ட புறஜாதி விசுவாசிகளைப் பற்றியது என்பது இன்னொன்று, பழைய காலத்துச் சபைப் பிதா அகஸ்தீன் அதைச் சொன்னார். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் அந்தப் பகுதியில் பவுல் பாவனையாகப் பேசுகிற தொனி எனக்குக் கேட்கவில்லை. என்னைவிடப் பெரியவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள்.

வெளிப்படுத்தல் 20:12ஐயும் பாருங்கள். அந்தத் தீர்ப்புக் காட்சியில் புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன, அவற்றில் கிரியைகள் எழுதியிருக்கின்றன. அவற்றோடு ஜீவபுஸ்தகம் என்கிற வேறொரு புஸ்தகமும் திறக்கப்படுகிறது. யோவான் இரண்டையும் ஒரே காட்சியில் வைக்கிறார், எதற்கு எவ்வளவு எடை என்று கணக்குச் சொல்லவில்லை. மத்தேயு 25இல் வலதுபக்கம் நிற்கிற நீதிமான்களுக்குத் தாங்கள் எப்போது ஆண்டவருக்குச் சோறு போட்டோம் என்பதே தெரியவில்லை. களி கிண்டிப் போட்ட உங்கள் பாட்டியும் அதற்குக் கணக்கு வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். சாபம் என்கிறவர்கள் காட்டும் வசனம் யாத்திராகமம் 20:5, பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர். அது "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" சொல்லப்பட்டது, அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. அந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் பிரசங்கிக்கிறார்கள். உபாகமம் 24:16, பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படவேண்டாம் என்று சட்டமே போடுகிறது. 2 இராஜாக்கள் 14இல் அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது, அந்தச் சட்டத்தை மதித்து அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான்.

எசேக்கியேல் 18 இதற்கென்றே எழுதப்பட்ட அதிகாரம். கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எசேக்கியேலும் ஒருவர். அங்கே ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. இனி இந்தப் பழமொழி உங்களுக்குள் வழங்காது, "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்கிறார் தீர்க்கதரிசி. நீதிமானான தகப்பன், கொடியவனான மகன், அதைப் பார்த்துப் பயந்து நல்லவனான பேரன் என்று மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தி, ஒருவன் கணக்கு இன்னொருவன் தலையில் ஏறாது என்று வக்கீல்போல வாதாடுகிறார். பேரனுக்கு அங்கே தெளிவாக விடுதலை சொல்லப்படுகிறது. நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இதற்கு எதிராக நிற்கும் பகுதிகளை மறைக்க மாட்டேன். புலம்பல் 5:7 எங்கள் பிதாக்களின் அக்கிரமங்களை நாங்கள் சுமக்கிறோம் என்று அழுகிறது. யோசியா அவ்வளவு நல்ல ராஜாவாக இருந்தும், தாத்தா மனாசேயின் பாவத்தினால்தான் யூதா ராஜ்யம் அழிந்தது என்று 2 இராஜாக்கள் 23:26 சொல்கிறது. எசேக்கியேலே 21ஆம் அதிகாரத்தில், பட்டயம் நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்தே வெட்டும் என்கிறார். இவற்றை ஒரே சூத்திரத்தில் அடக்க எனக்குத் தெரிந்து யாராலும் முடியவில்லை. ஒன்று மட்டும் பிரித்துப் பார்க்கலாம். அப்பா குடித்து நிலத்தை விற்றால் மகன் கூலிக்குப் போகிறான், யுத்தம் வந்தால் குழந்தையும் சாகிறது. விளைவு தலைமுறை தாண்டும், அதை வேதம் மறுக்கவில்லை. குற்றம் தாண்டாது என்பதுதான் எசேக்கியேல் 18. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசினதும் இந்த நியாயத்துக்காகத்தான்.

ஜெபக்கூட்டம் வைப்பதில் ஒரு குறையும் இல்லை, வையுங்கள். ஆனால் தாத்தா பெயரைச் சொல்லி அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் எசேக்கியேல் 18ஐ முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தோப்பைப் பொறுத்தவரை, பல மா ரகங்கள் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் குறைத்துக்கொள்ளும். பூக்கும் சமயத்தில் தத்துப்பூச்சியோ இலைப்பேனோ விழுந்தாலும் பிஞ்சு நிற்காது. கிருஷ்ணகிரியில் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு ஒரு பூங்கொத்தை ஒடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த பூ வருவதற்குள் போனால் மருந்தடிக்க நேரம் இருக்கும்.